மீட்டிங்கில் இருக்கிறார் ரைஹான்

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். லுங்கியோடு ஆபீஸ் போகிறவர்; அதாவது கட்டிலிலிருந்து எழுந்து மேசைக்குப் போகிறவர். எவனுக்கும் கைகட்டி நிற்கமாட்டேன் என்று சம்பள வேலையை உதறிவிட்டு, 'நான் சும்மா இல்லை' என்று ஊருக்கெல்லாம் நிரூபிப்பதையே முழுநேர வேலையாகச் செய்துவருபவர். ஃப்ரீலான்சர் என்று பெயர்.

கணபதி ஏரியாவில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருக்கும் ரைஹான் இந்த இனத்தில் முதல் தரம். பம்ப்செட் கம்பெனிகளுக்குக் கேட்டலாக் வடிவமைக்கிறார். மனைவி ஹுமேரா ஆர்.எஸ்.புரத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் பேச ஆளில்லை. ஆனால் கீழ்வீட்டு ஓனர் காளிச்சாமி விடுவாரா?

"ஏனுங்க தம்பி, சும்மாதான இருக்கறீங்க? கேஸ் வந்தா வாங்கி வெச்சுப்போடுங்க."

அந்த 'சும்மா' சுருக்கென்று தைத்தது. மறுநாளே ஒரு ஹெட்செட் வாங்கினார். யாராவது கதவைத் தட்டினால் அதை மாட்டிக்கொண்டு, எதிர்முனையில் யாருமே இல்லாத போனில் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டியபடி வந்து, ஒரு விரலை உயர்த்தி, "மீட்டிங்குங்கண்ணா" என்பார். என்ன கம்பீரம்!

காளிச்சாமி மரியாதை தெரிந்த மனிதர். தம்பியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தார். அப்புறம் கதவை யாரும் தட்டவில்லை. யாருமே. பத்தே நாளில், கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போன் செய்த பெண்ணிடம் "சாப்பிட்டீங்களா?" என்று ரைஹான் விசாரிக்கும்படி ஆகிவிட்டது. அவளும் வைத்துவிட்டாள்.

அந்த வாரமே தெரு மொத்தமும் ஒரு வேனில் ஏறியது. சத்தியமங்கலத்தில் காளிச்சாமி மகள் புவனா கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. ஜன்னலில் பார்த்த ரைஹான் தடதடவென்று படியிறங்கி ஓடினார்.

"ஏனுங்கண்ணா, எனக்கொரு வார்த்தை சொல்லவே இல்லீங்களே?"

"உங்குளுக்கு மீட்டிங் இருக்குமுங்களே தம்பி. கூப்பிட்டுச் சங்கடப்படுத்த வேண்டாமுன்னு உட்டுப்போட்டனுங்க." காளிச்சாமி நகர்ந்து இடம் விட்டார். "இப்ப வாரீங்களா?"

ஏறிவிட வேண்டும் என்றுதான் ரைஹான் நினைத்தார். வேறெதையும் அவர் அவ்வளவு ஆசையாக நினைத்ததில்லை. ஆனால் வாய் பழகிப்போயிருந்தது.

"இல்லீங்கண்ணா, ஒரு மீட்டிங் இருக்குதுங்க."

வேன் போய்விட்டது. ரைஹான் மாடிக்கு வந்து உட்கார்ந்து அழுதார்.

சிரிக்காதீர்கள். இதை வேலைநாளில், பட்டப்பகலில் படித்துக்கொண்டிருந்தால், 'கொஞ்சம் பிஸி' என்று கடைசியாக யாருக்குப் பதில் போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எழுதியவனும் யோசித்தான். பதில் அவ்வளவு நன்றாக இல்லை.