மகாராணியின் மூக்கு

ஒன்பதாவது கிண்ணத்தையும் பூனை மறுத்துவிட்டது.

மறுத்தது என்றால் சீறவில்லை, தட்டிவிடவில்லை. கிண்ணத்தருகே வந்தது. நிமிர்ந்து, கிண்ணம் வைத்தவரை ஒரு கணம் பார்த்தது. மேகம் திசை மாறுவதுபோலத் திரும்பி, ஜன்னலோர வெயிலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கடையிலுள்ள அத்தனையையும் பிரித்துப்போட வைத்துவிட்டு, 'அப்புறம் வர்றேன்' என்று செருப்பைத் தேடும் வாடிக்கையாளர்களுக்குத்தான் அந்த நிதானம் வரும்.

"மகாராணிக்கு இன்னைக்கும் பிடிக்கலையா?" என்று கேட்டாள் மனைவி, சீருடைப் பொத்தானைப் போட்டபடி. அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள்.

"கோழி ஈரல். கையாலயே மசிச்சேன்."

"நான் வெச்சா ரெண்டு வாயாவது சாப்பிடுது. நான் தினமும் ஐந்நூறு பேரை ஏத்தி இறக்கறேன். உங்களால ஒரு பூனைக்கு ஒரு வாய் இறக்க முடியலையே."

அவருக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

அவர் ஒரு தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவர். வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகளில் ஒவ்வொரு கரண்டி உறிஞ்சி, துப்பி, 'இது வேண்டும், இது வேண்டாம்' என்று சொல்வதுதான் இருபத்திரண்டு வருட உத்தியோகம். தொழிலுக்காக மீன், இறைச்சி, பூண்டு எதையும் கிட்டே சேர்க்காதவர். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் 'மூக்கு சார்'.

மூன்று வாரத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது அந்த மூக்கிலிருந்த வாசனையையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பு, மழை, மனைவியின் தலைமுடி, எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றன. ஆவி எழும் கோப்பைகளுக்கு நடுவில் அவர், யாரோ காணும் கனவுக்குள் தவறி நுழைந்துவிட்டவர்போல மிதந்துகொண்டிருந்தார். முதலாளி கேட்டால், "கொஞ்சம் யோசிக்கணும்" என்பார். அதற்கும் மரியாதை இருந்தது. ஆனால் எத்தனை நாளைக்கு?

"முதலாளிகிட்ட சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி.

"சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவார். மூக்கில்லாத மூக்கு சாரை வெச்சு அவர் என்ன பண்ணுவார்?"

அன்று மதியம் அவர் பூனைக்கு மீன் வாங்கி வந்தார். வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் தெரியவில்லை. வைத்தார். பூனை அவரைப் பார்த்தது, போய்விட்டது.

மாலையில் வாசலில் கால் வைத்த மனைவி அங்கேயே நின்றாள். "ஏங்க, வீட்டுக்குள்ள என்ன செத்துக் கிடக்கு?"

"மீன்."

"இது மீனா? எப்பவோ அழுகிப்போச்சுங்க. பூனைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலை பாருங்க."

அந்தக் கடைசி வாக்கியம் அவருக்குள் ஒரு விளக்கை ஏற்றியது. பூனையை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாள் அதை வீம்பு பிடித்தது என்று நினைத்தது எவ்வளவு பெரிய தவறு. இப்படி ஒரு மூக்கு உள்ள ஜீவன் கண்டதையும் தின்னுமா?

மறுநாள் ஆறு மாதிரிப் பொட்டலங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆறு கோப்பை. பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றையும் தான் உறிஞ்சிவிட்டுப் பூனைக்கு நீட்டினார். பூனை ஒவ்வொரு முறையும் அவரைப் பார்த்தது. ஐந்து கோப்பைகளுக்குத் தலையைத் திருப்பிக்கொண்டது. மூன்றாவதுக்கு மட்டும் அருகில் வந்து, கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டது.

"மூணாவது," என்று முதலாளியிடம் சொன்னார்.

முதலாளி ஊரெல்லாம் விசாரித்துவிட்டு வந்தார். "மூக்கு சார், அந்த மூணாவதைத்தான் எல்லாரும் அடிச்சுப் பிடிச்சு வாங்கறாங்க. உங்க மூக்கை எங்கேயாவது பத்திரமா பூட்டி வைக்கணும்."

பூட்டி வைக்கவில்லை. இரண்டு மடங்கு பொட்டலம் அனுப்பினார். அடுக்களை, சாப்பாட்டு மேசை, தொலைக்காட்சியின் தலை, எங்கும் கோப்பைகள். ஆவிக்குள் பூனை தோன்றித் தோன்றி மறைந்தது. அதன் விலா எலும்புகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோன்ற ஆரம்பித்தன.

"பூனைக்குச் சோறு போடச் சொன்னா டீக்கடை போட்டிருக்கீங்க," என்றாள் மனைவி.

அடுத்த வாரம் வெளியூர் வியாபாரி ஒருவர் ஆறு சரக்கோடு நேரிலேயே வந்து இறங்கினார். "மூக்கு சார் என் முன்னாடி பார்த்துச் சொல்லட்டும்," என்றார். வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. அவர் பூனையைக் கூடையில் வைத்துக் கம்பெனிக்குத் தூக்கிப் போனார். மேசைக்கு அடியில் இருக்கும் என்று நினைத்தார். மகாராணிகள் மேசைக்கு அடியில் இருப்பதில்லை. ஏறி, கோப்பைகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது.

"இது என்ன?" என்றார் முதலாளி.

வேறு வழியில்லை. "என் உதவியாளர் சார். நான் பார்த்ததை இது சரிபார்க்கும்."

வியாபாரி ஆறாவது கோப்பையை முன்னால் நகர்த்தி வைத்தார். "இது என் வீட்டுக்குன்னு எடுத்து வெச்சது. உங்க முகத்துக்காகத் தர்றேன்."

மூக்கு சார் உறிஞ்சினார். பூனை அவரைப் பார்த்தது. வியாபாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

"பூனைக்குத் தேயிலையைப் பத்தி என்னங்க தெரியும்?"

"உங்க அளவுக்குத் தெரியாதுதான்," என்றார் முதலாளி. "ஆனா உங்க அளவுக்கு மறைக்கவும் தெரியாது."

வியாபாரி கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு பூனையைப் பார்த்தார். "போன வருஷத்து இலை கொஞ்சம் கலந்திருக்கும்," என்று முனகினார்.

முதலாளி எழுந்து நின்று பூனையைக் கும்பிடாத குறை. "நாளையிலேருந்து இதுக்குத் தனி நாற்காலி."

"எனக்கு, சார்?"

"நீங்கதான் கூடையைத் தூக்கிட்டு வரணும். கனமா இருக்குமே." பூனையின் விலாவைத் தடவிப் பார்த்த முதலாளியின் முகம் மாறியது. "என்ன இது, இவ்வளவு இளைச்சிருக்கு? இனிமே இது கம்பெனி சொத்து. கண்டவங்க கையால சாப்பிட வேண்டாம். இது தேறற வரைக்கும் வீட்டுல இருந்து நீங்களே உங்க கையால ஊட்டுங்க. இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களுக்கும் இங்க வேலை இல்லை."

அவர் ஊட்டினார். மனைவியின் கை கிண்ணத்தின் பக்கம் நீண்டால் தடுத்தார். இறாலை மசித்தார், முட்டையை அடித்தார், தரையில் குப்புறப் படுத்துக் கெஞ்சினார். பூனை ஒவ்வொரு முறையும் அவரை ஏறிட்டுப் பார்த்தது. ஏதோ பெரிய துக்கத்தைப் பகிர்ந்துகொள்வதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டது. கிடைத்துவந்த அந்த இரண்டு வாயும் போயிற்று. இரண்டாம் நாள் காலை அது வெயிலைத் தேடிக்கூட எழுந்திருக்கவில்லை.

கால்நடை மருத்துவரிடம் அவரும் மனைவியும் முதலாளியுமாகப் போனார்கள். முதலாளிதான் கூடையைச் சுமந்தார்.

மருத்துவர் சின்ன விளக்கைப் பிடித்துப் பூனையின் மூக்குக்குள் வெகுநேரம் பார்த்தார். "உள்ளே சதை வளர்ந்து அடைச்சிருக்கு. குட்டியா இருக்கும்போதே வந்திருக்கணும். இதுக்கு ஒரு வாசனையும் தெரியாது. அதான் சாப்பாட்டுல நாட்டமில்லை."

முதலாளி சிரித்தார். மருத்துவர் சிரிக்கவில்லை. முதலாளியும் நிறுத்திக்கொண்டார்.

"மூக்கு சார், இவர் என்னவோ சொல்றாரே."

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் உடம்பு லேசாகிவிட்டது. அறை முழுக்க இளவெயில் பஞ்சுபோலப் பறந்துகொண்டிருந்தது. "எனக்கும் தெரியாது சார். காய்ச்சல் வந்ததிலேருந்து எந்த வாசனையும் தெரியலை."

முதலாளி நாற்காலியைக் கையால் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். "அப்ப என் கிடங்கு நிறைய இருக்கற தேயிலையை யாருங்க பார்த்து எடுத்தது?"

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் முதல் அந்தக் கைக்கு என்ன வேலை என்று இருவருக்கும் தெரியவில்லை.

மருந்து கட்டுகிற அம்மாளுக்கு இந்தக் கதையில் அக்கறை இல்லை. பட்டினி கிடக்கும் பூனைதான் அவருக்கு முக்கியம். டப்பா ஒன்றைத் திறந்து, மீன் களியை ஒரு தட்டில் எடுத்து மூக்கு சாரிடம் நீட்டினார். "உங்க கையால குடுங்க, பார்க்கலாம்."

அவர் வாங்கி, வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோய்விட்டுப் பூனையின் முன் வைத்தார். பூனை நிமிர்ந்து அவரைப் பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டது.

அம்மாள் அதே தட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பூனையைப் பார்த்துச் சும்மா சிரித்தார். பூனை அவரையும் ஒரு கணம் பார்த்தது. பிறகு குனிந்து, தட்டு நகர நகர நக்கித் தின்ன ஆரம்பித்தது.

"பூனை உங்க முகத்தைப் பார்த்துத்தான் சார் முடிவு பண்ணுது," என்றார் அம்மாள். "உங்க மூக்குக்கு நல்லாத் தெரியுது, முகம் அப்படிச் சுளிக்குதே. உங்களுக்கு மட்டும்தான் அது தெரியலை."