சளிச்சித்தரின் வெளுக்கும் குவளை

கூலாய் நகரில் சென்ற மாதம் காய்ச்சல் இறங்கியது; கூட்டம் ஏறியது. மருத்துவமனையில் அல்ல, சந்தைக்குப் பின்னால் சளிச்சித்தர் ஐயாசாமியின் அருள்வாக்கு நிலையத்தில். போன ஆண்டு வரை அதே கடையில் அவர் கைப்பேசி உறை விற்றார். ஞானம் யாருக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியுமா?

வரிசையில் பிரேமலாவும் நின்றாள். சளிக்காய்ச்சல் போன பிறகும் விரல் மூட்டெல்லாம் வீக்கம். செனாயிலுள்ள தொழிற்சாலை வேலைக்கு விடுப்பு. டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் சொந்த மூட்டையே அடிக்கிறது, மாத்திரையை நிறுத்தினால் விரல் கோணிப்போகலாம்.

சித்தர் அதையே கொஞ்சம் அலங்கரித்தார்.

"உன் படையை யாரோ ஏவல் வச்சுத் திருப்பிட்டாங்க தாயி. மாத்திரை போட்டா அதுக்கு இன்னும் வெறி ஏறும்."

அத்தாட்சி வேண்டுமே? கண்ணாடிக் குவளையில் பளிங்குபோல் தண்ணீர். உறிஞ்சுகுழல் வைத்து பிரேமலா ஊதினாள். தண்ணீர் பால்போல் வெளுத்தது; ஏவல் உறுதியாம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாத்திரை கைப்பையின் அடிக்குப் போனது.

மறுவாரம் அவளால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. அக்காள் புஷ்பவள்ளி கூடவே வந்தாள்.

"சாமி, நீங்க ஒருதடவை ஊதுங்களேன். ஏவல் இல்லாதவங்க ஊதினா தண்ணி தெளிவா இருக்கும்லா? பார்த்து வச்சுக்கிறோம்."

"எனக்கு எதுக்கும்மா?"

பக்தர்கள் விடவில்லை. "ஊதுங்க சாமி, வீடியோ எடுத்துக்கிறோம்."

சித்தர் சூடான தே தாரிக் தேநீரை ஆற்றுவதுபோல் நோகாமல் ஊதினார். குவளை வெளுத்தது.

"அலமாக்," என்று மலாயில் வாயைப் பிளந்தது வரிசை.

சித்தர் கண்ணை மூடினார். "உங்க ஏவலையெல்லாம் நானே வாங்கிக்கிட்டேன்."

பாதிக் கூட்டம் விழுந்து கும்பிட்டது.

புஷ்பவள்ளி தன் போத்தல் தண்ணீரை வேறு குவளையில் ஊற்றினாள். "பிரேமா, இதுல ஊது."

பிரேமலா கன்னம் வலிக்க ஊதினாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"அதே வாய், அதே மூச்சு. அப்ப ஏவல் உங்க குவளையிலதானே இருக்கு, சாமி?"

சித்தரின் குவளையில் இருந்தது சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர். மூச்சிலுள்ள கரியமிலவாயு பட்டால் போதும், யார் ஊதினாலும் வெளுக்கும். வரிசையில் நின்றவர்களில் பலர், பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதையே ஊதி மதிப்பெண் வாங்கியவர்கள்.

"பூசை நேரம்," என்று சித்தர் பின்கதவு வழியே போனார். அந்தப் பூசை இன்னும் முடியவில்லை.

மிச்சமிருந்த போத்தல் தண்ணீரில் பிரேமலா மாத்திரையை விழுங்கினாள். விரல் சரியாக மடங்க நாளாகும் என்கிறார் டாக்டர்.

ஊதச் சொன்னால் உடனே ஊதிவிடுகிறோம். எதற்காக ஊத வேண்டும் என்று கேட்கத்தான் நமக்கு மூச்சு வருவதில்லை.