எட்டு ஸ்க்ரூவும் ஊதா பாலிஷும்

அநியாயத்துக்கு ஆளானவர் என் அம்மா உமாதேவி. சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஒன்பது வருஷமாக ரீவொர்க் லைனில் இருக்கிறார். டெஸ்ட்டில் தேறாமல் திரும்பி வரும் போன்களைத் திறப்பது, சரிசெய்வது, மூடுவது, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது. இதுதான் அவர் வேலை. அப்படிப்பட்ட அம்மாவின் கையிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி, "இதெல்லாம் உனுக்குப் புரியாது, நவுரு" என்றவர் என் அப்பா ஸ்ரீதர்.

அப்பா வல்லம் வடகாலில் ஒரு ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். உள்ளே போகிறவர்களின் போன் கேமராவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். வெளியே வரும்போது அது கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். உலகத்தில் பாதுகாப்பு என்பது இவ்வளவுதான் என்பது அவர் முடிவு.

நான் கம்ப்யூட்டர் பாதுகாப்பில் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். என் புராஜெக்டை ஒரு குறிப்பிட்ட ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் அதன் நிரலைப் படித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு வேலையையும் அது தனித்தனி அறையில் பூட்டி வைக்கும். ஒரு அறையில் திருடன் புகுந்தாலும் அடுத்த அறைக்குப் போக முடியாது. ஒன்றரை அறை வீட்டில் வளர்ந்தவளுக்கு அதன்மேல் ஆசை வந்ததில் என்ன தப்பு?

ஆனால் அது எல்லா லேப்டாப்பிலும் ஓடாது. ஒரு மாதம் உட்கார்ந்து படித்து, அது ஓடும் என்று பட்டியலில் இருந்த ஒரு பழைய ஆபீஸ் மாடலைத் தேர்ந்தெடுத்தேன். எட்டு ஜிபி ரேம் இருந்தது. இன்னொரு எட்டு சேர்த்தால் போதும். அப்பா காட்டியது, கீபோர்டில் கலர் கலராக விளக்கு எரியும் புது லேப்டாப்.

"வெளக்கு எரியறது பாதுகாப்பாப்பா?"

"இருட்டுல திருடன் வந்தா தெரியும்ல?"

பழைய மாடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். "செகண்ட் ஹேண்டு. உள்ள எவன் இன்னா வெச்சிக்கீறானோ. திறக்கறது, மாட்றது, சீல் வெக்கிறது எல்லாம் என் டிபார்ட்மெண்ட்."

"ரேம் மாட்ட அம்மா இருக்காங்களே!"

"உங்கம்மா போனு. இது லேப்டாப்பு."

நான் ஆட்சேபித்தேன். விவாதித்தேன். ஆதாரம் காட்டினேன். அதற்குள் அவர் எட்டு ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டார். ரேமை வைத்தார். மூடினார். பிறகு என் ஊதா நிற மினுக்கு நெயில் பாலிஷை எடுத்து எட்டு ஸ்க்ரூவுக்கும் பூசினார்.

இது அவர் வீடியோவில் பார்த்த வித்தை. வித்தை உண்மையானதுதான், மறுக்க மாட்டேன். மினுக்குப் பொடி ஒருமுறை விழுந்த மாதிரி இன்னொருமுறை விழாது. காய்ந்ததும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், யாராவது திறந்து மறுபடி பூசினாலும் புள்ளிகள் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

"உன்மேல சந்தேகம் இல்ல உமா," என்றார் பெருந்தன்மையாக. "லைன்ல நெயில் பாலிஷ் போடக் கூடாதுன்னு ரூல். உனுக்கு அதைப் பூசவே தெரியாது."

அம்மா பாலிஷ் பாட்டிலை மூடி வைத்தார். அவருக்கு அன்று வார லீவு.

ஆன் செய்து பார்த்தேன். எட்டு ஜிபிதான் காட்டியது.

"ப்பா, புது ரேம் சரியா உட்காரல. திற."

"சீல் வெச்சாச்சு. செட் ஆவட்டும்."

"ரேம் என்னப்பா, இட்லி மாவா? வியாழக்கிழமை எனக்கு ரிவ்யூ! ஓடலேன்னா இந்த செமஸ்டரே போச்சு!"

"நாளைக்குக் காலைல முழுசா காஞ்சதும் போட்டோ எடுப்பேன். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது," என்று சொல்லிவிட்டு ரெண்டு மணி ஷிஃப்டுக்குக் கிளம்பினார். நான் புலம்புவதற்காகத் தோழி அமலா வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை அப்பா போட்டோ எடுத்தார். எட்டு ஸ்க்ரூவுக்கும் எட்டு போட்டோ. அதன் பிறகு ஆன் செய்தார்.

பதினாறு ஜிபி.

"செட் ஆச்சா?" என்றார்.

ஐந்து வருஷம் கம்ப்யூட்டர் படித்தவள் நான். ரேம் தானாகச் செட் ஆகும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஆனால் திரையில் பதினாறு. அப்பாவிடம் வாதத்தில் நான் தோற்றது அதுவே முதல்முறை. அம்மா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

ரிவ்யூவில் எல்லாம் ஓடியது. ஹெச்.ஓ.டி. எனக்குக் கைகொடுத்தார். அப்பா அதைத் தனக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டார். எங்கள் ஊர் வடக்குப்பட்டு முழுக்கச் சொன்னார். தினமும் காலையில், நான் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்து, போனில் இருக்கும் போட்டோவோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, "ஓகே" என்று சொல்லிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவார். மூன்று வாரம் இது நடந்தது.

அடுத்த ஞாயிறு, பக்கத்து வீட்டு ரகுபதி மாமா தன் லேப்டாப்போடு வந்தார். "சார், எனுக்கும் இந்த மாரி ரெடி பண்ணிக் குடுங்க."

"மொதல்ல சாம்பிள் பாருங்க," என்ற அப்பா, போட்டோவைக் காட்டி, சீலைக் காட்டி, "நான் மூடின நாள்லேருந்து ஒரு ஈ உள்ள போவல," என்று சொல்லி, தன் கையாலேயே பாலிஷைச் சுரண்டி மூடியைத் திறந்தார்.

உள்ளே, புது ரேமின் மேல், வட்டமாக ஒரு பச்சை ஸ்டிக்கர். அதில் பேனாவால் 'ரீவொர்க் ஓகே. உ.தே.' என்று எழுதியிருந்தது.

ரகுபதி மாமா ஸ்டிக்கரைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். தன் லேப்டாப்பை மெதுவாக அம்மா பக்கம் நகர்த்தினார்.

"உமா! இன்னாது இது?"

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "ஸ்டிக்கர்."

"அது தெரியுது. உள்ள எப்டிப் போச்சு?"

"நான்தான் ஒட்டினேன். சரி பண்ணா ஒட்டணும். பழக்கம்."

"ரேமு?"

"ஒரு பக்கம் தூக்கிக்கினு இருந்துச்சு. அழுத்தினேன். டிக்குன்னுச்சு."

"சீலு?"

"ஒடைச்சேன். திரும்பப் பூசினேன்."

அப்பாவுக்கு உயிர் வந்தது. போனைத் தூக்கிப் பிடித்தார். "மாட்டிக்கினியா! நீ திரும்பப் பூசியிருந்தா புள்ளி மாறியிருக்குமே! மூணு வாரமா தெனம் காலைல பாக்கறேன், ஒரு புள்ளிகூட மாறலையே! அது எப்டி?"

அம்மா இன்னொரு வெண்டைக்காயின் காம்பைக் கிள்ளினார்.

"எப்டி மாறும்? மறுநாள் காலைல நீங்க போட்டோ புடிச்சதே நான் பூசினதத்தான். நல்லாத்தான் காவல் காத்தீங்க."