சுவரைப் பார்த்த பிள்ளை

பிலோமிக்கு நாளைக் காலைக்குள் ஒரு பிள்ளை வேண்டும். மூன்று வயது, பெண், இடது கன்னத்தில் மச்சம். சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஏளா, இப்படி ஒரு பிள்ளைக்கு நான் எங்க போவேன்?"

கூடப் படிக்கும் ரேச்சல், "எனக்கென்ன தெரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழந்தை பராமரிப்புப் படிப்பில் கழுவிவிடுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எதிலும் பிலோமிக்குக் குறை இல்லை. எழுத்துதான் எமன். ஒரு பிள்ளையைக் கூடவே இருந்து கவனித்து நாற்பது பக்கம் எழுத வேண்டும். அவள் விரல்களோ பத்து வருஷம் இறால் கம்பெனியில் தலை கிள்ளியவை. ஐஸ் தின்றது போக மிச்சம். அரைப் பக்கத்திலேயே மரத்துவிடும். அதனால் வாட்ஸப்பில் சுற்றி வந்த யாரோ ஒரு பழைய மாணவியின் நோட்டைப் பார்த்து, கோலம் போடுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக வரைந்து முடித்தாள்.

பாஸானால் துறைமுக ரோட்டில் காப்பக வேலை. ஃபெயிலானால் திரும்பவும் ஐஸ். இன்னும் ஒரு வருஷம் ஐஸில் கைவைத்தால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கிருபாபாய் டீச்சர் நோட்டுகளை வாசிப்பதில்லை. கையில் தூக்கிக் கனம் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அன்று கரண்ட் போயிற்று. விசிறிக்கொள்ள அவர் எடுத்தது பிலோமியின் நோட்டு. விசிறிய வாக்கில் கண்ணும் ஓடிவிட்டது.

"அருமையா எழுதியிருக்கியே! நாளைக்குப் பரீட்சை வைக்க வெளியூர்ல இருந்து எக்ஸ்டர்னல் மேடம் வாராங்க. நோட்டையும் பிள்ளையையும் ஒப்பிட்டுப் பாப்பாங்க. அந்தப் பிள்ளையைக் கண்டிப்பாக் காட்டணும். ஆமா, கடைசியில இது என்ன? 'பிள்ளை ஏன் சுவரையே பார்க்கிறது? காரணம் எழுதுக.' இதை யாரு கேட்டா?"

பிலோமிக்கு வேர்த்தது. பழைய நோட்டில் அது சிவப்பு மையில் இருந்தது. அந்தக் காலத்து டீச்சர் யாரோ திருத்தும்போது கேட்ட கேள்வி. அதையும் சேர்த்து வரைந்திருக்கிறாள்.

"நானே என்னையக் கேட்டுக்கிட்டேன் டீச்சர்."

"பாத்தியளாளா, யோசிக்கவும் செய்யுதா!" என்றார் டீச்சர் மற்றவர்களிடம். மற்றவர்கள் ஏனோ தரையைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் பிலோமி பக்கத்து வீட்டு ரோச்சிடம் போய் நின்றாள். அவன் மகள் ஜெசிக்கு மூன்று வயது.

"சுவத்தைப் பாத்து உக்காருவாளாண்ணே?"

"அவ சுவத்துமேல ஏறுவா. உக்காரவா செய்வா?"

"மிட்டாய் குடுத்து உக்கார வச்சிருவேன். காலைல மட்டும் கொண்டாந்து விடுங்க."

கண்மையால் மச்சம் வைத்து ஒத்திகையும் பார்த்துவிட்டு வந்தாள். காலையில் ரோச் போன் போட்டான்.

"ஏளா, கண்ணாடியில அந்த மச்சத்தைப் பாத்துட்டுக் கரப்பான்பூச்சின்னு அலறுதா. கட்டிலுக்கடியில போயி கெடக்கா. வரமாட்டா."

பிலோமி வெறுங்கையோடு போனாள்.

அவர்கள் பயிற்சி எடுக்கும் காப்பகத்தில்தான் பரீட்சை. அது ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கி. எத்தனை வெள்ளை அடித்தாலும் சுவரில் உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும். வழக்கமாக வாசலிலேயே பிள்ளைகளின் கூச்சல் காதைப் பிளக்கும். அன்று சத்தமே இல்லை. உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

சுவர் ஓரமாக வரிசையாகப் பெண் பிள்ளைகள். எல்லோருக்கும் மூன்று வயது. எல்லோருக்கும் இடது கன்னத்தில் மச்சம். எல்லோரும் வாயில் மிட்டாயோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு மாணவி பின்னால் நின்றாள்.

"ரேச்சலு, நீயுமா?"

"வாயை மூடு. எல்லாருக்கும் அந்த ஒரே நோட்டுதான்."

வரிசையின் கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் மட்டும் யாரும் இல்லை. சாயம் போன கவுன். சுவரில் பூத்த உப்பை விரலால் தொட்டுத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தது. நோட்டில் இருந்தபடியே.

"அது யாரு பிள்ளை?"

"தெரியல. நாங்க வரும்போதே இருந்துச்சு."

துறைமுகத்தில் கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. மற்ற பிள்ளைகள் திடுக்கிட்டன. இது அசையவில்லை. பிலோமி சுண்டுவிரலை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். போய் அதன் பின்னால் நின்றாள்.

"இது எம்பிள்ளை."

எக்ஸ்டர்னல் மேடம் வந்தார். நரைத்த கொண்டை, ரிட்டயராகப் போகிற வயது. முதல் நோட்டை வாசித்தார். இரண்டாவதைப் புரட்டினார். மூன்றாவதில் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"'காரணம் எழுதுக.' இது எங்க டீச்சர் என்கிட்டக் கேட்டது. முப்பது வருஷத்துக்கு முன்ன, இதே கிட்டங்கியில நான் எழுதுன நோட்டு இது."

கிருபாபாய் டீச்சர் கரண்ட் இருந்தும் விசிறிக்கொண்டார்.

"என்ன காரணம் எழுதுனிய மேடம்?" ரேச்சலுக்கு வாய் சும்மா இருக்காது.

"எழுதல." மேடம் நோட்டை மூடினார். "எல்லாரும் பிள்ளைங்க கன்னத்தைத் துடைங்க. மச்சம் எந்தப் பிள்ளைக்கு நிக்குதோ, அதைக் கவனிச்சவ பாஸ். மத்தவங்க அடுத்த வருஷம் வாங்க."

ஈரத்துணி வந்தது. மை கரைந்து வழிந்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, ஒன்றின் கறுத்த மூஞ்சியை ஒன்று பார்த்துச் சிரித்தன, அழுதன. கிட்டங்கிக்கு உயிர் வந்துவிட்டது.

கடைசிப் பிள்ளை திரும்பவில்லை. பிலோமி குனிந்து அதன் கன்னத்தைத் தொட்டாள். பத்து வருஷம் ஐஸில் புழங்கிய கை. அதற்கே சில்லிட்டது. துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

"அழியல மேடம்! நெசமான மச்சம்! நான் பாஸ் மேடம்!"

மேடம் மெல்ல நடந்து வந்தார். அந்தக் காலடிச் சத்தம் பின்னால் வந்து நின்றதும், பிள்ளை சுவரைப் பார்த்தபடியே கேட்டது:

"எக்கா, எழுதி முடிச்சிட்டியா? இனித் திரும்பட்டுமா?"