ஜீயபுரத்தில் சைக்கிளைத் தேடி ஓடியவன்

காலையில் எழுந்ததும் என் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு. யாரும் கேட்காமலே இதைச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் நான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். (அவர் பாவம், "டாக்டரப் பாத்தீங்களா தம்பி?" என்றார்.)

நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, மூன்றையும் இடைவெளியில்லாமல் முடிக்கிற டிரையத்லான்தான் என் பிழைப்பு. "ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு செஞ்சா ஆகாதாப்பா?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். பொன்மலையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இன்னும் நன்றாகச் சொன்னார்: "உங்க பையன் எப்பப் பாத்தாலும் ரயில விட்டவன் மாதிரியே ஓடுறாரே."

தேசியப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. ஜெயித்தால் ஆசியப் போட்டி. தோற்றால் ஸ்பான்சர் கைகழுவிவிடுவார். வீடே எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் தூங்கினால் குக்கர்கூட விசில் அடிக்கக் கூடாது.

அப்பா ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒத்திகை நாட்களில் மொபெட்டில் என் பின்னாலேயே வருவார். ஜீயபுரத்தில் நான் வாய்க்காலில் நீந்திக் கரையேறும் படித்துறையில் சைக்கிளோடு நிற்பது அவர் வேலை. ஷூவையும் ஹெல்மெட்டையும் மேலே மாட்டிக்கொள்ளும் டிராயர் பனியனையும் துண்டு விரித்து, ஸ்பேனர் அடுக்குவதுபோல வைத்திருப்பார். ஈரம் சொட்டச் சொட்ட ஏறி நாற்பது நொடியில் நான் கிளம்பிவிட வேண்டும்.

அன்று கரையேறினேன். மொபெட் நிற்கிறது. அப்பா இல்லை. சைக்கிளும் இல்லை.

ஓடினேன். தலையில் ரப்பர் குல்லா, கண்ணில் நீச்சல் கண்ணாடி, இடுப்பில் ஒரு சாண் ஜட்டி. வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த பெண்மணி, "துணி தண்ணியோட போயிருச்சா தம்பி?" என்றார்.

"சைக்கிளப் பாத்தீங்களாக்கா?"

"அது கெடக்கட்டும், மொதல்ல இதப் புடிங்க" என்று ஒரு வாழையிலையை நீட்டினார். (வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம். அடுத்த வளைவில் ஸ்கூல் வேன் நின்றது.)

டீக்கடையோரப் பூவரச மரத்தடியில் அப்பா உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சைக்கிள் மரத்தில் பத்திரமாகச் சாய்ந்திருந்தது. ஷூவும் ஹெல்மெட்டும் டிராயர் பனியனும் ஹேண்டில்பாரில் தொங்கின.

"வெயில்ல டயர் வெடிச்சிரும்ப்பா. அதான் நெழலுக்குக் கொண்டாந்தேன்."

"எட்டு மணி வெயில்லயா? நாலு நிமிஷம் போச்சுப்பா. ஒரு எடத்துல நிக்கக்கூட முடியாதா உங்களால?"

டீக்கடை அக்கா, "தம்பி, அவருக்கு..." என்று ஆரம்பித்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "அவனுக்கு நேரமாவுதும்மா. நீ போப்பா."

போனேன். பின்னால் மொபெட் சத்தம் கேட்கவில்லை. கோபம் போலிருக்கிறது, இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். முக்கொம்புப் பக்கம் சுற்றி நாற்பது கிலோமீட்டர் மிதித்து, ஸ்ரீரங்கத்தில் சிநேகிதன் வீட்டில் சைக்கிளைப் போட்டு, அங்கிருந்து பத்து கிலோமீட்டர் ஓடி வீடு சேர்ந்தேன். அந்த நாலு நிமிடத்தைக் கழித்துப் பார்த்தால், நான் அதுவரை எடுத்ததிலேயே சிறந்த நேரம்.

வீடு பூட்டியிருந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள்.

அப்பாவை ஆட்டோவில் கூட்டி வந்த டீக்கடை அக்கா ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தார். "ஒரு கையால நெஞ்சப் புடிச்சிக்கிட்டு, ஒரு கையால சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்தாருங்க. அதப் போட்டுட்டு வாங்கன்னேன். பையனோடதுன்னாரு."

மன்னிப்புக் கேட்கத்தான் உள்ளே போனேன். வாயைத் திறப்பதற்குள் அப்பா நர்ஸிடம் என்னைக் காட்டினார். "இவன்தாம்மா. ஜட்டியோட ஜீயபுரம் பூரா சைக்கிளத் தேடுனவன்."

நர்ஸ் சிரித்தார். அழுதுகொண்டிருந்த அம்மாவும் சிரித்துவிட்டாள். அப்பா மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். இது அடங்கட்டும், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். பார்வை நேரம் முடிந்ததென்று வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் அப்பா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறையில் மூன்று முழுக்குப் போட எனக்கு மூச்சு முட்டியது. போட்டிக்குப் போகவில்லை. (ஸ்பான்சர் ஒரு மாலை அனுப்பினார். அதோடு சரி.)

இப்போது வீட்டில் நாலு பேர் கூடினால் அந்தக் கதைதான். அம்மா வாழையிலை, வேன் எல்லாம் சேர்த்துச் சொல்வாள். டயர் வரைக்கும் சொல்லி நிறுத்திவிடுவாள். போன பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தது நான்தான். அன்று அடங்கட்டும் என்று காத்திருந்தேனே, அது இன்னும் அடங்கவில்லை.