பஞ்சுப் போர்வையை உறையிலிட்ட படலம்

வாழ்க கடைக்குட்டி! விடிந்து வெகுநேரம் ஆன பின்னும் விரிப்பை மடித்தறியாத அவளுடைய வீரத் திருக்கரங்கள் வாழ்க! அம்மா உதற, அக்கா மடிக்க, அண்ணன் திட்ட, அத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே அசையாது துயின்ற அந்த அலாரத்துக்கு அடங்கா அணங்கு, பரிமாற்ற மாணவியாக ஒரு செமஸ்டர் காலம் கடல்கடந்து வாழப் போன இடத்தில், தன்னந்தனியளாய்த் தன் கட்டிலின்மேல் தொடுத்த பெரும்போரைப் பாடத் துணிந்தோம். பஞ்சைப் பாட வந்த பஞ்சைகள் எம்மை அவையோர் பொறுத்தருள்க.

போரின் வித்து விமான நிலையத்து வாயிலிலேயே விழுந்துவிட்டது. விடைகொடுக்க வந்த சுற்றத்தார் நடுவே நின்று அண்ணன் முழங்கினான்: "இவளா? ஒரு வாரம் தாங்கமாட்டா. அழுதுக்கிட்டே திரும்பி வரப்போறா, பாத்துக்கிட்டே இருங்க!" கேட்டாள் கடைக்குட்டி. புருவம் வில்லென வளைய, முதுகுப்பை அம்பறாத்தூணியெனக் கனக்க, பெட்டி ஏற்றிய தள்ளுவண்டியைத் தேரென நிறுத்தி, போவோர் வருவோரெல்லாம் திகைத்து நோக்க வஞ்சினம் கூறினாள்: "என் வேலைய நானே பாத்துப்பேன்! ஒருத்தர்கிட்டயும் உதவின்னு போய் நிக்க மாட்டேன்! போதுமா?" கூறியவள் திரும்பிப் பாராமல் தேரைச் செலுத்தினாள். அதன் ஒரு சக்கரம் மட்டும் கழிப்பறைப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது.

அயல்நாடோ அவளுக்கு ஆலத்தி எடுக்கவில்லை. எப்பக்கம் திருப்பினால் வெந்நீர் வரும் என்று சொல்லாத குழாய் ஒருபுறம் அவளை உறையவைக்க, மூச்சுவிடாமல் பேசும் பேராசிரியர் மறுபுறம் மிரளவைக்க, வகுப்பில் அவள் பக்கத்து இருக்கையில் அவளுடைய குடையைத் தவிர வேறெவரும் அமர்ந்திலர். இவற்றையெல்லாம் பல்லைக் கடித்துத் தாங்கினாள் பாவை. தாங்க முடியாத பகை அறைக்குள்தான் இருந்தது.

வந்திறங்கிய அன்றே, சாவிக்கொத்து சலங்கையென ஒலிக்க வந்த விடுதிக் காவலர் அம்மாள், இரண்டு மூட்டைகளைக் கட்டிலில் எறிந்து அந்நாட்டு மொழியில் ஆணையிட்டிருந்தார். நம் மொழியில் சொன்னால் இவ்வளவுதான்: "இது பஞ்சுப் போர்வை. இது அதுக்கு உறை. உறை போடாம மூடிக்கக் கூடாது, அழுக்காயிடும்." போர்வை என்றால் நாம் அறிந்த போர்வையன்று. மெத்தைக்குத் தம்பி, மேகத்துக்கு மாமன், தொட்டால் குழைந்து பிடித்தால் நழுவும் பெருவயிற்று மாயாவி. உறையோ தலையணை உறைக்கு அண்ணன். கட்டிலளவு நீண்டகன்று, காலடிப் பக்கம் மட்டும் சிறுவாய் திறந்து கிடக்கும் வெள்ளைக் குகை. அதை இதற்குள் நுழைப்பது எப்படி என்று அறியாத கடைக்குட்டி, அன்றுமுதல் வெற்று உறைக்குள் தானே புகுந்து நடுங்கிக் கிடந்தாள். போர்வை நாற்காலியில் சாய்ந்து, குத்தகைப் பணம் வசூலிக்க வந்த பண்ணையாரைப்போல அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிறு பிற்பகல் கைப்பேசியில் தாய்க்குலத்துத் தூது வந்தது. "சாயங்காலம் எல்லாரும் கூப்பிடறோம். ரூமைக் காட்டு. முக்கியமா கட்டில காட்டு. உங்க அண்ணன் பாக்கணுமாம்." படித்தவளின் நெஞ்சில் பறை அதிர்ந்தது. கூடவே, பல நாளாய்த் தொண்டைக்குழியில் பதுங்கியிருந்த கோழை நினைவொன்று தலைநீட்டியது: இது ஒன்றையும் செய்ய முடியாவிட்டால், பேசாமல் அப்பாவிடம் டிக்கெட் போடச் சொல்லிவிட வேண்டியதுதான்.

எழுந்தாள். கூந்தலை வாரி முடிந்தாள். சட்டைக்கையை முழங்கை மட்டும் சுருட்டினாள். முதற்போரில் உறையின் வாய்வழியே போர்வையை முட்டித் திணித்தாள். அதுவோ அரைவழி சென்றதும் ஒரு மூலையில் கூடிக் குவிந்து, உறையின் ஏனைய பகுதியெல்லாம் ஆளற்ற ஊராய்க் கிடக்க, அங்கேயே பாளையம் இறங்கிவிட்டது. இரண்டாம் போரில் உறையின் இரு காதுகளைப் பற்றி உதறினாள். உதறிய வேகத்தில் மேசைவிளக்கு வீழ்ந்தது, பல் துலக்கும் தூரிகை பறந்தது, போர்வை மட்டும் அசைந்திலது. மூன்றாம் போரிலோ, பகைவனின் கோட்டைக்குள் தானே புகுவதென்று துணிந்து, போர்வையின் இரு முனைகளை இரு கையில் இறுகப் பற்றி, தலை குனிந்து, வெள்ளைக் குகையின் வாய்க்குள் பாய்ந்தாள்.

ஐயகோ! உள்ளே திசை இல்லை, தெருவிளக்கு இல்லை, மேல் எது கீழ் எது என்று சொல்வார் இல்லை. பஞ்சு மலை பின்னிருந்து அமுக்க, உறை முகத்தோடு ஒட்ட, ஒரு கால் கட்டிலிலும் ஒரு கால் காற்றிலுமாகச் சுழன்ற வீராங்கனை, வேரோடு சாயும் ஆலமரமெனத் தரையில் சாய்ந்தாள். சுவர்கள் அதிர்ந்தன. எழ முயன்றாள்; மறுபடி விழுந்தாள். அப்போதுதான் நிகழ்ந்தது அது. வஞ்சினம் உரைத்த அதே வாயிலிருந்து, தாய்மொழியிலேயே, மெல்லிய குரலொன்று வெளிப்பட்டது:

"யாராவது இருக்கீங்களா? கொஞ்சம் வாங்களேன்..."

பக்கத்து அறைக் கதவு திறந்தது. அங்கே வாழ்ந்தவள் வேறொரு தேசத்திலிருந்து இதே செமஸ்டருக்கு வந்திருந்த ஒரு நெடியோள். நடைவழியில் எதிர்ப்படும்போதெல்லாம் தரையைப் பார்த்தே கடந்து போகும் நெட்டைக்காரி. ஓடிவந்தவள், கை கால் முளைத்த வெள்ளை மூட்டையொன்று தரையில் உருளக் கண்டு வீறிட்டாள். மூட்டையும் பதிலுக்கு வீறிட்டது. பின்பு இருவரும், இருவருக்குமே இரவலான ஒரு மொழியில், தட்டுத் தடுமாறிப் பேசிய பேச்சின் சாரம் வருமாறு:

"உள்ள யாரு?"

"நான்தான், பக்கத்து ரூம். போர்வைக்கு உறை போடறேன்."

நெட்டைக்காரி மூட்டையருகே மண்டியிட்டாள். பிறகு சொன்னாள்: "எனக்கும் போடத் தெரியல. வந்ததுலேருந்து கோட்டுப் போட்டுக்கிட்டுத்தான் தூங்கறேன். யார்கிட்ட கேக்கறதுன்னு வெட்கமா இருந்துச்சு."

மூட்டைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டது. அது வெளியே வந்து மற்றவளையும் பற்றிக்கொள்ள, சிரிப்பின் நடுவே நெட்டைக்காரி கை நீட்டினாள். உள்ளே கடைக்குட்டி பற்றியிருந்த போர்வை முனைகள் இரண்டும் உறையின் மூலைகளில் முட்டி நிற்க, அவற்றை வெளியிலிருந்து துணியோடு சேர்த்துப் பிடித்தாள். பிடித்த கணமே பேரொளியொன்று அவள் சிந்தையில் பளிச்சிட்டது. தளபதியெனக் கூவினாள்: "நான் புடிச்சுக்கிட்டேன்! நீ விட்டுட்டு வெளிய வா!"

விட்டாள், தவழ்ந்தாள், குகைவாய் வழியே, முடி கலைந்து முகம் சிவந்து மண்ணுலகில் மீண்டும் பிறந்தாள் கடைக்குட்டி. முனைகளோ மூலைகளில் நின்றபடி நின்றன! அவள் இப்பக்கம் பற்ற, இவள் அப்பக்கம் பற்ற, இருவரும் கட்டிலின்மேல் ஏறி நின்று ஓங்கி ஒருமுறை உதறினர். ஆர்ப்பரித்து வீழும் அருவியென, அத்தனை நாள் அடங்காதிருந்த பஞ்சுப் படை முழுவதும் உறைக்குள் சரசரவென இறங்கிப் பரந்து அடிபணிந்தது. வெற்றி வேட்கை தணியாத வீராங்கனையர் அப்படியே அடுத்த அறைக்குள் பாய்ந்து, நெட்டைக்காரியின் போர்வையையும் நொடியில் சிறைப்பிடித்தனர்.

மாலையில் கைப்பேசி முழங்கியது. திரையில் குலமெல்லாம் கூடியிருந்தது. கட்டிலைக் கண்ட அண்ணன் கண்ணை இடுக்கினான்: "யாரு போட்டுக் குடுத்தா?"

"நாங்கதான் போட்டோம்."

"நாங்கன்னா?"

நெட்டைக்காரியின் முகம் திரைக்குள் எட்டிப்பார்த்தது. அம்மாவின் முகம் மலர்ந்தது. "யாரும்மா இது? பாவம், இளைச்சுக் கெடக்கே. சாப்பிட்டியா கண்ணு?" ஒரு சொல்லும் விளங்காத நெட்டைக்காரி, உலகிலுள்ள கேள்விகள் யாவற்றுக்கும் ஒரே விடையாய், வேகவேகமாகத் தலையை ஆட்டினாள்.

"வேற ஏதாவது வேணுமாடா? பணம் கிணம், டிக்கெட்டு..." என்று அப்பா இழுத்தார்.

"ஒண்ணும் வேணாம்ப்பா," என்றாள் கடைக்குட்டி.

வாழ்க அவ்விருவர்! உறை காத்த உத்தமியர் வாழ்க! மலையை மடியில் கட்டிய மங்கையர் வாழ்க! அவர்தம் புகழ், அந்தச் செமஸ்டர் உள்ளளவும், அந்த விடுதி உள்ளளவும், அந்தக் கட்டிலின்மேல் கறைபட்டுக் கசங்காத வெண்மை உள்ளளவும் நிலைத்து ஓங்குக!

மறுநாள் காலையில் சலவைக்குத் துணி எடுக்க வந்தவர், உறையைக் கழற்றித் தரச் சொன்னார்.