நோன்பு பிடித்த தட்டாம்பயறு

காஜிமார் தெரு,
மதுரை.

கண்ணியமும் பிரியமும் நிறைந்த ஷரீபா அக்காவுக்கு, தங்கை சபுரா சலாம் கூறி எழுதுவது. இங்கே அல்லாஹ்வின் கிருபையால் என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் இஸ்மாயில் மச்சானும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. மச்சானிடம்கூடக் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

மாடியறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சிம்னி விளக்கைத் துணியால் பாதி மூடி வைத்து எழுதுகிறேன். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு அம்மா எழுப்ப வருவதற்குள் முடிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். பெருநாளோடு என் படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அத்தா மட்டும், "அந்தத் தொட்டிப் பரிட்சையில டீச்சர் என்ன சொல்றாகன்னு பாப்போம்" என்று சொல்லியிருக்கிறார். வசுந்தரா டீச்சர் வைத்த பரிட்சை அது. இரண்டு தொட்டி, ஒரே மண், ஒரே விதை, ஒரே ஜன்னல். முளைத்த பிறகு ஒன்றுக்குத் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர். மற்றதற்குத் தண்ணீரே கிடையாது. அந்த ஒரு வித்தியாசம் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது, இருந்தால் செடி வாடியதற்கு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது என்று டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார்கள். அத்தா தகரக்கடையில் ஒரே தகட்டை வெட்டி, மயிரிழை பிசகாமல் இரண்டு டப்பா அடித்துக் கொடுத்தார். நானும் தட்டாம்பயறு போட்டேன்.

இப்போது பார், தண்ணீர் விடாத தொட்டியில் கொடி இந்த மாடியறை ஜன்னல் கம்பியைச் சுற்றி ஏறுகிறது. தண்ணீர் விட்ட தொட்டி மஞ்சளடித்துச் சாய்ந்து கிடக்கிறது. வியாழக்கிழமை இதைப் பார்க்க இன்ஸ்பெக்டரம்மா வருகிறார்கள். செடிக்குத் தண்ணீர் தேவையில்லை என்று நான் எப்படியக்கா எழுதுவேன்?

மஞ்சளடித்தது என்னால்தான். வாடிவிடுமோ என்ற பயத்தில் பள்ளிக்குப் போகும்போது இரண்டு டம்ளர், வரும்போது இரண்டு டம்ளர் என்று ஊற்றி வேரை அழுக வைத்துவிட்டேன். ஆனால் காய வேண்டியது ஏன் காயவில்லை என்று ஒளிந்திருந்து பார்த்தேன். சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரம் ஜெயினம்பு சாச்சி முந்தானையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை மறைத்துக்கொண்டு மாடியேறி வந்தது. கையும் களவுமாகப் பிடித்துக் கேட்டால் அது என்னைத்தான் ஏசுகிறது.

"நோன்பு மாசத்துல ஒரு உசுரு பகலெல்லாம் வாய் காஞ்சு நிக்குது. அதப் பாத்துக்கிட்டு நான் மட்டும் கஞ்சி குடிக்கவா? சஹருக்கும் தண்ணி இல்ல, தொறக்கவும் தண்ணி இல்லன்னா அது என்ன நோன்புடி?"

சஹருக்கு இல்லையென்று சாச்சிக்குத்தான் நினைப்பு. அம்மாவிடம் கேட்டபோது, சஹர் வேளையில் தான் ஒரு கை தண்ணீர் தெளிப்பதாக அரிசி களைந்துகொண்டே சொன்னது. ஏனம்மா என்றேன். "நீ பக்கத்துத் தொட்டிக்கு மட்டும் ஊத்திட்டு வந்தா எனக்குச் சோறு எறங்குமா?" என்றது. ஆக காய வேண்டிய தொட்டிக்கு இரண்டு வேளை தவறாமல் உபசாரம் நடந்திருக்கிறது.

தொட்டிகளில் ஒட்டிய சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். பசையும் கிண்டி வைத்துவிட்டேன். ஆனால் டீச்சர் முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வராது. உண்மையைச் சொன்னால் பரிட்சை போச்சு, படிப்பும் போச்சு. அத்தாவிடம் பேச எனக்குத் தைரியமில்லை. அவர் காப்பாத்துவாரா நிறுத்துவாரா என்று அவர் முகத்தைப் பார்த்து யாரால் கண்டுபிடிக்க முடியும்? அக்கா, நீ உடனே கிளம்பி வந்து பேசு. நீ சொன்னால் அத்தா கேட்பார். மச்சானுக்கும் எல்லோருக்கும் என் சலாம். உன் மடி நிறைய அல்லாஹ் பரக்கத் செய்ய

கதவைத் தட்டுகி

பின்குறிப்பு: இது மறுநாள் சாயங்காலம் எழுதுவது. தட்டியது அத்தா. கையில் மூக்கு நீண்ட சின்னத் தகரக் குவளை, மண் கலையாமல் தண்ணீர் விடுவதற்கென்றே அவர் கடையில் அடித்தது. தினமும் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு இந்த அறைக்கு வருவாராம். நான் விளக்கோடு நிற்பதைப் பார்த்துவிட்டுக் குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"செடி செத்துப்போனா டீச்சர் உன்னய பெயிலாக்கிருவாகன்னு நெனச்சேன்த்தா" என்றார்.

செத்தால்தான் பாஸ் என்று சொன்னேன். குவளையை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். காலையில் கடையைத் திறக்காமல் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து, "தப்பு எம்மேல டீச்சரம்மா, பிள்ளை படிக்கட்டும்" என்றார். டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். இன்ஸ்பெக்டரம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், பெருநாள் கழித்து மறுபடி விதைக்கும்படியும் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே நீ வர வேண்டாம். கடிதத்தை எரிக்க வேண்டாம், மச்சானுக்குப் படித்தே காட்டு. புதுத் தொட்டிக்கு அத்தாதான் காவல். சாச்சியை மாடிப்படியில் கால் வைக்க விடமாட்டாராம். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு சொட்டு விடலாமா என்று டீச்சரிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறார்.